நீங்க என்கிற மகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் குறை சொல்ல வேண்டாம். குடித்த காலத்திலும் வந்தது, விட்ட பிறகும் வருகிறது. குடி நடுவில் வந்தது, போயிற்று. கோபம் கூடவே பிறந்தது, அது எங்கே போகும்.

இந்தக் கோபக்காரிக்கு ஒரு மகள். பன்னிரண்டு வயது. ஐந்து வருஷமாக என் அக்கா வீட்டில் வளர்கிறாள். அக்காவிடம், "பெரிம்மா, நீ எங்க போறே", "பெரிம்மா, நீ சும்மா இரு" என்பாள். என்னிடம் வந்தால் 'நீங்க'. "நீங்க சாப்பிட்டீங்களா", "நீங்க எப்ப வந்தீங்க." பல் டாக்டரிடம் இப்படிப் பேசலாம். பெற்றவளுக்கு எதற்கு இந்த மரியாதை? அம்மா என்றும் கூப்பிடமாட்டாள். அக்காவையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆரம்பத்தில் ஒருநாள் வாய் தவறிக் கூப்பிட்டபோது, "உனக்கு அம்மா இருக்கா, நான் பெரியம்மா" என்று அக்காவே நிறுத்திவிட்டாளாம். அக்கா நல்லவள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குத் திட்டவாவது ஆள் கிடைத்திருக்கும். அம்மா என்கிற அந்தச் சொல் மட்டும் பெட்டியில் மடித்து வைத்த புதுத்துணி மாதிரி யாருக்கும் இல்லாமல் கிடந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் ஒரு ராத்திரி என்னோடு தங்க வேண்டும். காலையில் தூக்கக் கலக்கத்தில், மரியாதை எல்லாம் மறந்து, "நீ எங்க இருக்கே" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, படிப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுந்து வருகிறவளிடம் எந்தக் குழந்தைக்கு 'நீ' வரும்?

"உனக்குன்னு ஒரு வீடு வரட்டும். அனுப்பறேன்" என்று அக்கா சொல்லியிருந்தாள். நியாயமான பேச்சு. அப்போது நான் இருந்தது, குடியையும் போதை மருந்தையும் விட்ட பெண்கள் சேர்ந்து இருக்கிற வீடு. சிகிச்சை முடிந்து, போக இடமில்லாதவர்களுக்காக ஒரு அமைப்பு நடத்துகிறது. ஒன்பது பேர், நான்கு அறை, ஒரு சமையலறை. வெளியே போனால் எங்கே, எதற்கு, எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தால் வாசலில் இருக்கிற மெஷினில் ஊதிக் காட்ட வேண்டும். ஊதாமல் யாரும் உள்ளே போக முடியாது.

நான் போய் மூன்றாம் மாதம் அந்த மெஷின் வாயைப் பிளந்தது. புதுசு வருகிறது, வருகிறது என்றார்கள். எட்டு மாதம் வந்துகொண்டே இருந்தது. அதற்காகச் சட்டத்தை விட முடியுமா? கதவைத் திறப்பவர் முகத்துக்கு நேரே ஊத வேண்டும் என்று ஏற்பாடு. பெரும்பாலும் கதவைத் திறக்கிறவள் என் அறைக்காரி. முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் என்பதால் டீச்சர் என்றே கூப்பிடுவோம். நான் வந்து தட்டுவேன், அவள் திறப்பாள், நான் 'ஃபூ' என்று ஊதுவேன், அவள் கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, "பாஸ். உள்ள போ" என்பாள். வெங்காயம் தின்றுவிட்டு வந்தால், "மறுதேர்வு. வாய் கொப்புளிச்சிட்டு வா" என்பாள்.

முதலில் அவமானமாகத்தான் இருந்தது. பிறகு அது வணக்கம் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால் அதில் ஒரு சுகம்கூட இருந்தது. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து, ஒரு ஆள் முகத்துக்கு நேரே மூச்சை விட்டு, சரி என்று சொல்லக் கேட்பது சும்மா விஷயமா? டீச்சர் ஒருநாள் வெளியிலிருந்து வந்தபோது, காலி கேஸ் சிலிண்டரோடு கதவைத் திறந்து வந்த ஆள் முகத்தில் ஊதிவிட்டாள். அந்த ஆள் சிலிண்டரை வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்தது அடிபிடித்துவிட்டது.

எனக்கு வேலை ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற சலவைக்கூடத்தில். சூடான உருளைக்குள் ஈர விரிப்பை விட்டால் அந்தப் பக்கம் காய்ந்து வரும். இரண்டு பேர் முனை பிடித்து நான்காக மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. முழங்கை வரைக்கும் வெந்துபோகும். ஆனாலும் விடாமல் போனேன். ஒரு வருஷம் குடிக்காமல் இருந்து, வேலையும் நிலையாக இருந்தால், அந்த அமைப்பே தனி வீடு பார்த்துக் கொடுக்கும். முதல் வருஷம் வாடகையில் பாதியை அவர்களே கட்டுவார்கள். புதன்கிழமை தோறும் ஒரு பெண் வந்து, எப்படி இருக்கிறாய், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போவாள். வீட்டு உதவிக்காரி என்று நாங்கள் அழைப்போம். சின்னப் பெண். நான் எரிந்து விழுந்தாலும், "சரிக்கா, கோவப்பட்டு முடிச்சிட்டுச் சொல்லுங்க" என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

எனக்கு வீடு கிடைத்தது. மூன்றாம் மாடி, ஒரு அறை, ஒரு சமையல் இடம், ஒரு குளியலறை. சன்னலைத் திறந்தால் பஸ் நிறுத்தும் கொட்டகையின் சுவர். முதல் நாள் சாமான் மூட்டையோடு படியேறி வந்து கதவைத் தட்டிவிட்டு நின்றேன். யாரும் திறக்கவில்லை. மறுபடியும் தட்டினேன். என்ன ஜென்மங்களோ, ஆள் நிற்பது தெரியவில்லையா என்று கோபம்கூட வந்தது. அப்புறம்தான் சாவி என் கையிலேயே இருப்பது உறைத்தது. உள்ளே போய் மூட்டையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா அவளைக் கொண்டுவந்து விட்டாள். மறுநாள் மதியம் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஒரு வாரமாக எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டிலை அவளுக்கு ஒதுக்கி, எனக்குத் தரையில் பாய் போட்டிருந்தேன். புது விரிப்பு வாங்கி, சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளரைக் கெஞ்சி உருளையில் விட்டு எடுத்து வந்திருந்தேன்.

அவள் சுற்றிப் பார்த்தாள். அறையே பத்தடி, அதில் என்ன சுற்றுவது?

"பெட்ஷீட் நல்லா இருக்குங்க" என்றாள்.

"உனக்காகத்தான் வாங்கினேன்."

"தேங்க்ஸ்ங்க."

அந்த 'ங்க'வைப் பிடித்துச் சன்னல் வழியாக எறிந்துவிடலாம் போல இருந்தது. டீ போடலாம் என்று போனால் பால் இல்லை. ஒரு வாரமாகப் பட்டியல் போட்டவளுக்குப் பால் மறந்துவிட்டது.

"கடைக்குப் போறேன், பால் வாங்க. பத்து நிமிஷத்துல வந்துடுவேன். உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கோ" என்றேன்.

கீழே இருக்கிற கடை மூடியிருந்தது. அடுத்த தெருவுக்கு ஓடினேன். அங்கே வரிசை. முன்னால் நின்றவர் என்னவோ கல்யாணத்துக்குச் சாமான் வாங்குகிற மாதிரி ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து வாங்கினார். அவரோடு ஒரு சண்டை போட்டுவிட்டுப் பாலோடு வருவதற்கு அரை மணி ஆகிவிட்டது. மூன்று மாடியையும் மூச்சு வாங்க ஏறினேன். உள்ளே என் மகள் இருக்கிறாள், எனக்காகக் கதவு திறக்க ஒரு ஆள் இருக்கிறது என்ற நினைப்பே தலைக்கு ஏறியிருந்தது.

தட்டினேன். தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. நான் குனிந்து அவள் முகத்துக்கு நேரே 'ஃபூ' என்று ஊதினேன்.

"பாஸ்" என்று யாரும் சொல்லவில்லை.

அவள் முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று. அந்த முகம் எனக்குத் தெரியும். அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது பார்த்த முகம். நான் குடித்துவிட்டுக் கிடப்பேன். கண்ணைத் திறந்தால் அவள் முகம் என் முகத்துக்கு நேரே இருக்கும், விரல் என் மூக்குக்குக் கீழே இருக்கும். மோப்பம் பிடிக்கிறது, அக்காவிடம் போய்க் கோள் சொல்லத்தான் என்று நினைப்பேன். ஒருநாள் அப்படிப் பார்த்தபோது கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஓங்கினேன். இதே மாதிரி வெளுத்துப்போய்ப் பின்னால் நகர்ந்தாள். அந்த மாதம்தான் அக்கா வந்து அவளை அழைத்துக்கொண்டு போனாள்.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் இப்போது. பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். "பெரிம்மா, நீ வா. வந்து கூட்டிட்டுப் போ" என்பது எனக்கு நன்றாகக் கேட்டது.

பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே கதவின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"நான் குடிக்கலடி. சத்தியமா. அது ஒரு பழக்கம். அந்த வீட்ல மெஷின் கெட்டுப்போச்சு. கதவைத் திறக்கறவங்க மூஞ்சில ஊதணும். எட்டு மாசம் அப்படித்தான் இருந்தோம்." சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. கோபமும் வந்தது. "சின்ன வயசுல நீயாத்தானே வந்து வந்து மோந்து பாப்பே. இன்னிக்கு நானா காட்டினா தப்பாயிடுச்சா?"

உள்ளே குழாயைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"நான் மோந்து பாக்கல" என்றாள்.

"பின்ன?"

"மூச்சு வருதான்னு பாத்தேன்." குரல் உடைந்தது. "கூப்பிட்டா நீ எழுந்திருக்க மாட்டே. உலுக்குவேன், அப்பவும் எழுந்திருக்க மாட்டே. நீ செத்துட்டியான்னு பாப்பேன். தினமும் பாப்பேன். நீ என்னை அடிக்க வந்தே. இப்பவும் பத்து நிமிஷம்னு சொல்லிட்டு நீ வரவே இல்ல. நான் இங்க தனியா உக்காந்து, நீ எங்கயாவது விழுந்து கிடக்கறியோன்னு..."

அதற்கு மேல் அழுகை. நான் கதவில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம், அந்தப் பிஞ்சு விரல் என்னைக் காட்டிக்கொடுக்க வந்ததென்று நினைத்திருந்தேன். அந்த வேளையிலும், இந்தப் பாழாய்ப் போன மனசு அந்த 'நீ'யை எண்ணிக்கொண்டிருந்தது. ஐந்து தடவை.

"தப்புதான்டி, கண்ணு. எல்லாம் என் தப்புதான்" என்றேன். "திட்டு. இன்னும் திட்டு."

அவள் திட்டவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. அக்கா வரும் வரைக்கும் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

அக்கா வந்ததும் வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். "குடிச்சியா?" என்று மெதுவாகக் கேட்டாள். கேட்கவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது தெரிந்தது. நான் பால் பாக்கெட்டோடு எழுந்து நின்றேன்.

குளியலறைக் கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தாள். "அவங்க குடிக்கல, பெரிம்மா" என்றாள்.

"அப்ப எதுக்கு என்னை வரச் சொன்னே?"

"எனக்கு வீட்டுக்குப் போகணும்."

இரு, போகாதே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அக்காவும் எனக்காகப் பேசியிருப்பாள், பிள்ளையும் மரியாதைக்காக இருந்திருப்பாள். பயந்துகொண்டே ஒரு ராத்திரி கண் விழித்து என் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். வேண்டாம் என்று நானே அவள் பையை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். "போயிட்டு வரேங்க" என்றாள்.

"சரிம்மா."

"நீங்க சாப்பிட்டுட்டுப் படுங்க."

இருவரும் படியிறங்கிப் போனார்கள். கீழ் மாடி வரைக்கும் அவள் அக்காவிடம் என்னவோ பேசிக்கொண்டு போவது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. புதன்கிழமை வீட்டு உதவிக்காரி வந்து, பொண்ணு தங்கினாளா அக்கா என்று கேட்பாள். இல்லை என்று சொல்ல வேண்டும். குடித்தாயா என்று கேட்பாள். அதற்கும் இல்லைதான்.

நான் போய்க் குளியலறைக் கதவைச் சாத்தினேன். அதன் முன்னால் தரையில் பழையபடி உட்கார்ந்தேன். உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். அவள் உள்ளே இருந்துகொண்டு இன்னொரு தடவை என்னைத் திட்ட மாட்டாளா என்று இருந்தது. விடிய விடியத் திட்டினாலும் உட்கார்ந்து கேட்டிருப்பேன்.