அன்புச்செல்வி அளந்த விறகு

அன்புச்செல்வி கவுன்சிலராகி எட்டு மாதம் ஆகியிருந்தது. நங்கநல்லூரை ஒட்டிய அந்தச் சின்ன நகராட்சியின் கூட்டங்களில் அவள் அதுவரை வாயைத் திறந்ததில்லை. ஆற்றோரக் குடிசைகளிலிருந்து ஜெயித்து வந்த முதல் பெண் என்று எல்லோரும் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். கருத்து மட்டும் யாரும் கேட்கவில்லை.

1997 ஜூன் கூட்டத்தில் பொறியாளர் பரத்வாஜ் ஓர் அறிக்கை வாசித்தார். ஊர் ஒரு வருஷத்தில் எவ்வளவு மின்சாரம், டீசல், மண்ணெண்ணெய், விறகு செலவழிக்கிறது, எவ்வளவு புகை விடுகிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்று வார்டு வார்டாகப் பிரித்திருந்தார். அன்புச்செல்வியின் வார்டில், விறகுக்கு நேரே பூஜ்யம்.

அவள் எழுந்து நின்றாள்.

"சார், எங்க வார்டுல விறகே எரியலன்னு போட்டுகிது. அப்போ எங்க பள்ளிக்கூடத்துல முனியம்மா சத்துணவ எதுல ஆக்குது?"

பரத்வாஜ் தாளைப் பார்த்தார். "பில்லு, மீட்டர் இல்லாத எடத்துல அளவு எப்படிம்மா எடுக்கறது?"

"தராசு கீதே சார்."

யாரோ சிரித்தார்கள். பரத்வாஜ் சிரிக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குத் தராசோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். நூற்று முப்பது பிள்ளைகளுக்கு ஆக்கும் அந்தக் கொட்டகையின் புகையில் அவரால் இரண்டு நிமிஷம் நிற்க முடியவில்லை. முனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உலையைக் கிளறினாள். அன்புச்செல்வி விறகை நிறுத்தாள்: ஒரு நாளைக்கு முப்பத்தைந்து கிலோ.

பள்ளிக்குப் பின்னால் துரைராஜின் பன்னிரண்டு எருமைகள். சாணம் முழுக்கச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பரத்வாஜ் வெகுநேரம் அங்கேயே நின்றார். சாண எரிவாயுத் தொட்டி ஒன்று கட்டினால் இந்த அடுப்பை எரிக்கலாமே என்று அவர் சொன்னபோது, துரைராஜ் உடனே சம்மதித்தார். சாக்கடை அடைப்புக்காக அவர் வாங்கிய நோட்டீசுகள் கொஞ்சமல்ல.

தாய்மார்கள்தான் ஒப்பவில்லை. சாணி நாற்றத்தில் வெந்த சோற்றைத் தன் பிள்ளை தொடாது என்று மீனாட்சி தெருவில் நின்று சொன்னாள். அன்புச்செல்வி வாதாடவில்லை. செப்டம்பரில் அடுப்பு முதன்முதலாகப் பற்றிய அன்று பத்துத் தாய்மார்களை அழைத்து, அதிலேயே டீ போட்டுத் தான் முதலில் குடித்தாள். மீனாட்சி குனிந்து நீலச் சுடரை மோந்து பார்த்தாள்.

"நாத்தம் ஒண்ணியும் இல்லயே," என்றாள். டீயை வாங்கிக்கொண்டாள்.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. வாயு சாம்பாருக்குத்தான் காணும், சோற்றுக்கு விறகுதான். மழைக்காலத்தில் சுடர் இன்னும் தணிந்தது. ஆனாலும் விறகு பாதியாகக் குறைந்தது. முனியம்மாளின் இருமலும் தணிந்தது. அந்தத் தெம்பில் ஒருநாள் அவள் அன்புச்செல்வியின் வீட்டுக்கே வந்து, சோற்றுக்கும் இன்னொரு தொட்டி வேண்டுமென்று அதட்டலாகக் கேட்டாள்.

அன்புச்செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டிசம்பர் கூட்டத்தில் எழுந்து அதைக் கேட்டாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் வேறு இரண்டு வார்டுக் கவுன்சிலர்கள் அவளைத் தேடி வந்து, தங்கள் பள்ளிக்கூடங்களுக்கும் இது சரிப்படுமா என்று விசாரித்தார்கள். இன்னொரு தொட்டிக்குச் சாணம் தேடி, பள்ளிக்கு அடுத்த தெருவில் இருந்த அமீனா பீயின் மாட்டுக்கொட்டகையைப் பார்க்க மூவருமாகக் கிளம்பினார்கள்.