இரண்டாவது கார்பன்

வேதியியல் ஆய்வகக் கூட்டாளி ட்ரெண்ட் ஹாகன் நீட்டிய அறிக்கையைப் பார்த்ததும் டார்லாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டைப் பார்த்து அவள் மையால் எழுதிய இருபது மில்லியை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதியிருந்தான். அவள் குடுவை கழுவப் போன நேரத்தில் இந்தத் திருட்டு வேலை.

"என் ரீடிங்கை எதுக்கு அடிச்ச?"

"தப்பா இருந்துச்சு. பர்மாங்கனேட்ல மாங்கனீஸ் ஏழுலேருந்து ரெண்டுக்கு வருது, அஞ்சு எலக்ட்ரான். ஆக்சலேட்ல கார்பன் மூணுலேருந்து நாலுக்குப் போகுது, ஒண்ணு. கணக்குப் போட்டா பத்துதான். உனக்குப் பியூரெட் பாக்கத் தெரியல தாயே."

"ஒரு ஆக்சலேட்ல கார்பன் ரெண்டு இருக்கு. அப்ப எலக்ட்ரானும் ரெண்டு. உன் பத்து இரட்டிக்கும், இருபதுதான் சரி."

"சும்மா சீன் போடாத. எல்லாரும் விடையிலேருந்து பின்னாடி போய்தான் ரீடிங்கை எழுதுறாங்க."

டுலூத் நகரத்து முதியோர் இல்லத்தில் விடியலிலேயே மலச்சட்டி கழுவிவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவள் அவள். அங்கேகூட இப்படிக் குமட்டியதில்லை. கையைத் தொடாமலே நாடித்துடிப்பு எழுதும் ஒருத்தி அங்கே உண்டு. அவள் மூஞ்சியும் இவன் மூஞ்சியும் ஒன்றுதான், தூ. ஆனால் அறிக்கை இருவருக்கும் சேர்த்து ஒன்று, மதிப்பெண்ணும் ஒன்று. இதில் தவறினால் நர்சிங் இடம் போய்விடும்.

ஆசிரியை ஆஸ்ட்பி வந்து பார்க்கும்வரை அளந்து முடித்த பியூரெட்டைக் கழற்றக் கூடாது என்பது அந்த ஆய்வகத்தின் வழக்கம். அவர் அறிக்கையைப் பார்த்தார். பிறகு ட்ரெண்டைப் பார்த்தார்.

"நீ பியூரெட்டைப் படிச்சுச் சொல்லு."

ஊதாப் பர்மாங்கனேட் கரைசலின் மேல் விளிம்பு இருபதில் நின்றது. ட்ரெண்ட் குனிந்து, கண்ணைச் சுருக்கி, ஒரு நிமிடம் பார்த்தான்.

"பத்து மேடம்."

டார்லாவுக்கு அருவருப்பில் உடம்பு கூசியது. கண்ணெதிரே நிற்பதைப் பார்த்துக்கொண்டே புளுகுகிறானே.

"இருபது மேடம்," என்றாள்.

"யாரு அடிச்சு எழுதினீங்கன்னு நான் கேக்கப்போறதில்ல," என்றார் ஆஸ்ட்பி. "இதுல பேரு இருக்கிறவங்களுக்குப் பூஜ்யம். பேரை எடுத்துட்டா, தனியா மொதல்லேருந்து செய்யலாம். மணி அடிக்கிறதுக்குள்ள முடிக்கணும்."

"தனியா முடியாது," ட்ரெண்ட் காதருகே முணுமுணுத்தான். "ரெண்டு பேருமா கெஞ்சினா விட்டுருவாங்க. சீட்டு போயிடும், யோசிச்சுக்க."

டார்லா அவன் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கித் தன் பெயரை அடித்தாள். அந்தப் பேனாவைப் பிடித்த விரல்களைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள். ஆக்சலேட்டைச் சூடேற்ற வைத்துவிட்டுப் பியூரெட்டை நிரப்பினாள்.

"தள்ளி நில்லு ட்ரெண்ட்," என்றாள். "நான் பாத்து எழுதணும்."