தங்கசாலைத் தெரு நேபாளக் கிளப்பின் சரித்திரம்

பொன்னேரியில் ரயில்பாதையை ஒட்டிய மைதானத்தில் ஆட்டம் மூன்றரை மணிக்கு என்று நோட்டீசில் போட்டிருந்தது. மூன்றரைக்குச் சரியாக ஆரம்பித்தது தலைமையுரைதான். பந்தாட்டக் கழகத் தலைவர் ஆதிநாராயணன் ஜரிகை அங்கவஸ்திரத்தைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்தபோது அவர் கையில் நாற்பது பக்கம் இருந்தது. பந்தை அவர் காலால் தொட்டதை யாரும் பார்த்ததில்லை. கோல் கம்பங்களுக்குத் தன் தோப்பிலிருந்து ஆறு சவுக்குக் கட்டை கொடுத்திருந்தார். அவை நிற்கிற வரை அவர்தான் தலைவர்.

உரையின் தலைப்பு 'நேபாளத் தொழில்முறைக் கால்பந்துக் குழுவின் சரித்திரம்'. அந்தக் குழு அவருக்கு எதிரே வெயிலில் வெறுங்காலோடு வரிசையாக நின்றுகொண்டிருந்தது. நேபாளத்தைப் பற்றி ஆதிநாராயணனுக்குத் தெரிந்தவை எவரெஸ்ட், பசுபதிநாதர், கூர்க்கா கத்தி. இந்த மூன்றையும் வைத்தே ஒரு கிளப்பைக் கட்டி எழுப்பியிருந்தார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மகாராஜா பனிமலை உச்சியில் அதைத் தொடங்கினாராம். போன வருஷம் எவரெஸ்டில் முதன்முதலாக ஏறியவர்களுக்கு மூச்சுப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் இவர்கள்தானாம். ஜனங்கள் முதல் பத்துப் பக்கத்துக்குக் கை தட்டினார்கள். அப்புறம் வேர்க்கடலை வாங்கப் போனார்கள்.

உள்ளூர் அணியின் கேப்டன் ஹனீப், பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி, பக்கத்தில் நின்ற நேபாளக் கேப்டன் தன்பகதூரின் பார்வை அடிக்கடி ஸ்டேஷன் பக்கம் போவதைக் கவனித்தான். என்ன விஷயம் என்று கேட்டான். அஞ்சு இருபது பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும் என்றான் தன்பகதூர்.

"அதுக்குள்ள ராஜா செத்துடுவாரு, கவலப்படாத பாய்," என்றான் ஹனீப்.

உரையில் ராஜா செத்தபோது மணி நாலரை. சரித்திரத்தை மெய்ப்பித்து நாலு வார்த்தை பேசும்படி ஆதிநாராயணன் தன்பகதூரை மேடைக்கு அழைத்தார். அவன் ஏறி, மெட்ராஸில் கற்ற தமிழில் சொன்னான்:

"ராஜா யாரும் இல்ல சார். நாங்க தங்கசாலைத் தெரு கிடங்குல நைட் வாச்மேன். மூணு வருஷம் முன்னாடி கிளப் ஆரம்பிச்சோம். காலையில டூட்டி முடிஞ்சா தூங்காம ஆடுவோம். ஒருத்தன்கூட ஒரு நாளும் டூட்டிக்கு லேட் ஆனதில்ல. லேட் ஆனா ஆட்டத்த நிறுத்திடணும்னு முதலாளி சொல்லியிருக்காரு. எங்க பந்துல எட்டுத் தையல். இனிமே தாங்காது. இங்க ஜெயிச்சா புதுப் பந்துன்னாங்க, வந்தோம். ஏழு மணிக்கு டூட்டி. ஆடலாமா சார்?"

வேர்க்கடலைக்காரனைச் சுற்றி நின்றவர்கள் மேடைப் பக்கம் திரும்பினார்கள். நாற்பது பக்கத்தில் இல்லாத சரித்திரம் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆதிநாராயணன் மட்டும் அசரவில்லை. "அடக்கம்! அரச பரம்பரைக்கே உரிய அடக்கம்!" என்று அவனுக்கு மாலை போட்டார். ஆட்டத்தைச் சுருக்கலாம் என்று ஹனீப் கேட்டதற்குத் தொண்ணூறு நிமிஷம் சட்டம் என்றார். அவருக்குச் சட்டம் தெரிந்ததே அன்றைக்குக் காலையில்தான்.

பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொன்னால் குறைவு. நேரம் போதாது என்று தெரிந்தவர்கள் ஆடுகிற ஆட்டம் அது. கரம்பு மண்ணில் வெறுங்கால்கள் தாவிய வேகத்தில் பூட்ஸ் போட்ட நம்மவர்கள் பூட்ஸைத்தான் நொந்துகொண்டார்கள். முப்பது நிமிஷத்தில் நேபாளத்தார் இரண்டு கோல் போட்டார்கள். ஹனீபின் உதைக்கு இந்த வட்டாரத்தில் பெயர் உண்டு. பெரியபாளையத்தில் ஒருமுறை வலையே கிழிந்தது. அன்று மூன்று முறை உதைத்தான். மூன்று முறையும் கோல் காத்த தன்பகதூர், குழந்தையை வாங்குகிறவன் மாதிரி பந்தை நெஞ்சோடு வாங்கிக்கொண்டான். மூன்றாவது தடவை ஹனீபுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அஞ்சேகாலுக்கு வடக்கே விசில் கேட்டது. தன்பகதூர் கையைத் தூக்கினான். ஒரு முணுமுணுப்பு இல்லாமல் பதினோரு பேரும் மூட்டைகளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து ஓடினார்கள். போகும்போது அவன் மட்டும் மேஜைமேல் மாலை சுற்றி வைத்திருந்த புதுத் தோல்பந்தை ஒருமுறை பார்த்தான்.

எதிரணி மைதானத்தை விட்டு வெளியேறியதால் பொன்னேரிக்கே வெற்றி என்று ஆதிநாராயணன் அறிவித்தார். வெற்றி விழா உரை இருபது பக்கம் தயாராக இருந்தது. பந்தை இரண்டு கையாலும் ஏந்தி ஹனீபிடம் கொடுத்தார். ஹனீப் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"நம்ம கழகத்தோட சொத்துப்பா அது, பத்திரம்," என்றார் தலைவர்.

"பத்திரமான எடத்துக்குத்தான் சார் போவுது."

ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய பாசஞ்சர் மைதானத்தின் ஓரமாக மெதுவாக வந்துகொண்டிருந்தது. மூன்றாவது பெட்டியின் வாசலில் தன்பகதூர் நின்றிருந்தான். ஹனீப் பந்தைத் தரையில் வைத்து, நாலடி பின்னால் போய் ஓடி வந்து உதைத்தான். அன்றைக்கு அவன் உதைத்ததில் அதுதான் நல்ல உதை. ஆதிநாராயணன் முதல் பக்கத்தைப் புரட்டிய கையோடு அண்ணாந்து பார்த்தார். எஞ்சின் புகைக்கு மேலே ஏறிய பந்து ஒரு கணம் தயங்கிப் பெட்டியைப் பார்த்து இறங்கத் தொடங்கியது. வாசல் கம்பியைப் பிடித்திருந்த தன்பகதூர் அதை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான்.