ஆறே முக்கால் பஸ்

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நடுமேட்டுப்பட்டிக்கு பஸ் வரும் என்று புது எம்.எல்.ஏ. சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அனுசுயாவால் ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை.

கேட்டது அவள்தான். சின்னமனூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். தினமும் வயல்காட்டு வழியாக மூன்று கிலோமீட்டர் நடந்து மார்க்கையன்கோட்டைக்குப் போய்த்தான் பஸ் பிடிக்க வேண்டும். ஊருக்குள் வந்துகொண்டிருந்த பஸ் கொரோனா சமயத்தில் நின்றது, நின்றதுதான். அந்த எம்.எல்.ஏ. கிருபாவதி, ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்ல ஜீப்பில் வந்த அன்று, ஆரத்தித் தட்டுகளை விலக்கிக்கொண்டு முன்னால் போய், "மேடம், நன்றியெல்லாம் இருக்கட்டும். எங்க ஊருக்கு பஸ் எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கிருபாவதி சிரிக்கவில்லை. உத்தமபாளையத்தில் மருந்துக்கடை நடத்தியவர்; முதல் தடவையாகத் தேர்தலில் நின்று ஜெயித்தவர். ஜீப்பிலிருந்து இறங்கி, வேப்பமரத்தடியில் நின்று யார் யாருக்கோ போன் போட்டார். திரும்பி வந்து அனுசுயாவின் போனை வாங்கித் தன் நம்பரைத் தானே பதிந்து கொடுத்தார்.

"வர்ற திங்கக்கிழமை, ஆறே முக்கால். வரலேன்னா என்னையக் கூப்பிடுங்க."

அன்று சாயந்திரமே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"திங்கக்கிழமைன்னு சொன்னாக, சரி. எந்த வருசத்துத் திங்கக்கிழமைன்னு கேட்டியாத்தா?" என்றாள் டீக்கடை ராமுத்தாய், பால் சட்டியை இறக்கியபடி. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் யார் எதிரே வந்தாலும் அனுசுயாவிடம் அதே கேள்விதான். "என்னத்தா, பஸ்ஸுல சீட்டுப் பிடிச்சு வச்சுட்டியா?"

வெளியிலாவது சிரிப்போடு போயிற்று. வீட்டில் மாமனார் சுருளியாண்டி சிரிக்கக்கூட இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "மருந்துக்கடை வச்சிருந்தவுகதானே? ஒரு மாத்திரையக் குடுத்திட்டுப் போயிருக்காக. கொஞ்ச நாளைக்கு வலி தெரியாது."

"நீங்க அவுகளுக்குத்தானே மாமா ஓட்டுப் போட்டீக?"

"போட்டேன். போட்டா நம்பவும் செய்யணுமா?"

உண்மையில் அனுசுயாவுக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து கேலி பண்ணப் பண்ண, அந்த பஸ் வந்தே தீர வேண்டும் என்று ஒரு வெறி பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை போனை எடுத்து அந்த நம்பரைப் பார்த்துவிட்டு, கூப்பிடாமலே வைத்தாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கே முச்சந்தியில் கூட்டம். பஸ்ஸுக்காக வந்தேன் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருத்தர் பால் வாங்க வந்தாராம். ஒருத்தி மாட்டைத் தேடி வந்தாளாம். சுருளியாண்டி தோளில் துண்டும் கையில் அரிவாளுமாக, வாழைத் தோட்டத்துக்குப் போகிறேன் என்று வந்து நின்றார். தோட்டமோ ஊருக்கு மறுபக்கம் இருந்தது.

ஆறே முக்கால் ஆனது. ஆறு ஐம்பது. ராமுத்தாய் டீக்கடை ஓட்டுக்கூரைக்குக் கீழிருந்து எட்டிப் பார்த்தாள். "சரி, நடையக் கட்டுத்தா. வேலைக்கு நேரமாச்சுல்ல."

அனுசுயா பையைத் தோளில் மாட்டினாள். இரண்டு எட்டு வைத்திருப்பாள். தென்னந்தோப்புக்கு அந்தப்புறம் ஹாரன் சத்தம் கேட்டது.

யாரும் அசையவில்லை. மறுபடி ஹாரன். மாடு தேடி வந்தவள்தான் முதலில் கத்தினாள்: "ஏலே, பஸ்ஸுடா!"

புழுதியைக் கிளப்பிக்கொண்டு, முன்கண்ணாடியில் ஊர்ப்பெயரைச் சாக்பீஸில் எழுதிய அட்டையோடு, நிஜமாகவே ஒரு பஸ் வந்து நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். அனுசுயா ஓடிப்போய் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

டிரைவர் பாண்டீஸ்வரன் இறங்கி முச்சந்தியைச் சுற்றிப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"எப்படிக்கா திருப்புறது?" என்று பக்கத்தில் நின்ற அனுசுயாவைக் கேட்டார்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. பஸ் திரும்பும் இடத்தில் இரண்டு கொடிமேடைகள். பஸ்தான் வருவதில்லையே என்று, பஸ் நின்றுபோன பிறகு கட்டியவை. ஒன்று கிருபாவதியின் கட்சியுடையது. பெயிண்ட் வாடைகூடப் போகவில்லை. இன்னொன்று போன தடவை ஜெயித்தவரின் கட்சியுடையது. அதைச் சுருளியாண்டி சொந்தச் செங்கலில், தன் கையால் பூசிக் கட்டியிருந்தார். ஜெயித்த அந்தத் தலைவர் அதற்கப்புறம் இந்தப் பக்கம் வரவேயில்லை. அதைப் பற்றிச் சுருளியாண்டி வாய் திறந்ததும் இல்லை.

"இன்னைக்கு ரிவர்ஸ்லயே எப்படியாவது போயிருவேன்" என்றார் டிரைவர். "நாளைக்கு முடியாது. திரும்ப எடமில்லேன்னு நான் எழுதிக் குடுத்தா ட்ரிப்பையே நிப்பாட்டிருவாக."

"நாந்தான் சொன்னேன்ல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சொன்னவருக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அனுசுயா போனை எடுத்தாள். இந்தத் தடவை யோசிக்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், நடுமேட்டுப்பட்டி அனுசுயா. பஸ் வந்திருச்சு."

"வந்திருச்சா? நெசமாவா?" அந்தக் குரலில் இருந்த ஆச்சரியத்தைக் கேட்டுக் கூட்டமே சிரித்துவிட்டது. அந்தம்மாவுக்கே நம்பிக்கை இல்லாமல்தான் இருந்திருக்கிறது.

"வந்திருச்சு, ஆனா திரும்ப முடியல. ரெண்டு கொடிமேடை மறிக்குது. ஒண்ணு உங்களோடது."

மறுமுனையில் பேச்சில்லை. "கட் பண்ணிட்டாக" என்றாள் ராமுத்தாய்.

பண்ணவில்லை. "எங்களோடத மொதல்ல இடிங்க" என்றார் கிருபாவதி. "யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க. இன்னொண்ணப் பத்தி நான் சொல்லக் கூடாது. கட்டுனவுக முடிவு பண்ணட்டும்."

கிருபாவதி கட்சியின் கிளைச் செயலாளர் கார்த்திக்ராஜ் மேடையை ஒரு தடவை பார்த்தான். அதைக் கட்டி முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. ஆனாலும் அவனேதான் வீட்டுக்கு ஓடிக் கடப்பாரையும் சம்மட்டியும் கொண்டுவந்தான். இருபது பேர் கை வைத்ததில் பத்து நிமிடத்தில் தரைமட்டம். டிரைவர் தள்ளி நின்று கண்ணால் அளந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். போதாது.

இப்போது எல்லோரும் சுருளியாண்டியைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அனுசுயா தரையைப் பார்த்து நின்றாள்.

அவர் மேடைக்குப் பக்கத்தில் போனார். விளிம்பைத் துண்டால் ஒரு தடவை துடைத்தார். பிறகு கார்த்திக்ராஜைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"ஏலே, அந்தக் கடப்பாரையக் குடு."

"மாமா, உங்களால முடியாது. அவுக பாத்துக்கிருவாக" என்று அனுசுயா ஓடிவந்தாள்.

"கட்டுனவனுக்குத்தான் தெரியும், எங்கன தட்டுனா விழும்னு." ஓங்கி ஒரு குத்து. மூலையில் விரிசல் ஓடியது. மூச்சு வாங்கியபடி மருமகளைப் பார்த்தார். "அந்தம்மாவ நம்பி இடிக்கலத்தா. அவுக நாளைக்கு எப்படி ஆவாகளோ, யாரு கண்டா. பஸ்ஸு கண்ணு முன்னால நிக்குது. அதுக்காக இடிக்கிறேன்."

பிறகு அவர் கை நிற்கவில்லை. மற்றவர்கள் செங்கற்களை அள்ளி ஓரமாகக் குவித்தார்கள். ராமுத்தாய் கடையை அப்படியே போட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்து மேடை இருந்த குழியை மூடினாள்.

பாண்டீஸ்வரன் ஏறி உட்கார்ந்ததும் ஊரே கண்டக்டர் ஆனது. "வலது ஒடி! இன்னும் ஒடி! வா, வா, வா... ஏய், நில்லு, சுவரு! இப்ப விடு!" மூன்று தடவை முன்னும் பின்னும் ஆடி, நாலாவது தடவையில் பஸ் முழுசாகத் திரும்பி மார்க்கையன்கோட்டை பார்த்து நின்றது. கைதட்டலில் வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பிப் பறந்தன.

அனுசுயா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னாலேயே, உடம்பெல்லாம் சிமென்ட் தூசியோடு, கையில் அரிவாளோடு சுருளியாண்டியும் ஏறினார்.

"எங்கய்யா போகணும்?" என்றார் நிஜக் கண்டக்டர், அரிவாளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு.

"இது எங்க போகுதோ அங்க."

தென்னந்தோப்பைத் தாண்டும்போது சுருளியாண்டி டிரைவர் பக்கம் குனிந்து கேட்டார்: "நாளைக்கும் நீதானப்பா வருவ?"

"நாளைக்கு எனக்கு லீவுய்யா. வேற ஆளு வருவாரு."

பஸ்ஸுக்குள் ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாகக் கிளம்பின. "அப்ப அவருக்கு வழிய ஒழுங்காச் சொல்லி அனுப்பு!" "தோப்புக்கிட்ட இடது பக்கம்னு சொல்லு!" "நாங்க ஆறரைக்கே ரோட்டுல வந்து நிக்கிறோம்னு சொல்லு!"

அனுசுயா கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது கால் மணி நேரம் தாமதம். தலையில் செங்கல் தூசி. சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டினார்.

"எங்க ஊருக்கு பஸ் வந்திருச்சு சார்!"

"அதுக்கென்னம்மா? எல்லா ஊருக்குந்தான் பஸ் வருது."

அவள் சேலைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை.