ஆட்டத்துக்கு முந்தைய கையெழுத்து

நாலாயிரத்து முந்நூற்றைம்பது. கொக்குக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி அது. முதலில் ஆறாயிரமாக இருந்தது. என் மனைவி மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது, பணம் கட்டினால்தான் உள்ளே எடுப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் குடோன் வாசலில் முழித்துக்கொண்டு நின்றேன். லாரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து என்ன ஏது என்று விசாரித்தவன் கொக்கு ஒருத்தன்தான். கடன் சீட்டு கேட்கவில்லை, வட்டி பேசவில்லை. “முதல்ல கையப் பாருங்கண்ணே, காசு எங்க ஓடப்போகுது” என்றான். கழுத்தும் காலும் நீளம், அதனால் அந்தப் பேர். எங்கள் குடோனுக்கு வாரம் மூன்று நடை சிமெண்ட் கொண்டு வருகிறவன்.

நான் அந்த மூட்டைகளை இறக்குகிறவன். இருபத்தாறு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரெஃப்ரி. பேக்கரி, பஸ் டிப்போ, லாரி ஷெட் என்று வேலைக்காரர்கள் ஆடுகிற கால்பந்து லீக் ஒன்று இருக்கிறது. முட்டி தேய்ந்து ஓடி ஆட முடியாமல் போனபோது என் கையில் விசிலைக் கொடுத்தார்கள். ஆறு நாளும் தூக்கு, இறக்கு, தள்ளு என்றுதான் என் காதில் விழும். ஏழாவது நாள் நான் ஒரு தடவை ஊதினால் இருபத்திரண்டு பேர் அப்படியே நிற்பார்கள். அந்த ருசி இருக்கிறதே, அதற்காகத்தான் ஒடிந்த முதுகோடும் போய்க்கொண்டிருந்தேன்.

ஆட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்கு என்று தனி மரியாதை உண்டு. எந்த அணி தருகிற டீயையும் ரெஃப்ரி குடிக்கக் கூடாது. ஆட்டக்காரர் அறைக்குத் தனியாகப் போகக் கூடாது, கோட்டில் கொடி பிடிக்கிறவர் கூட வர வேண்டும். ஒரு அணியின் ஷூவையும் விரலையும் சோதிக்கும்போது எதிரணி கேப்டன் பக்கத்தில் நின்று பார்ப்பார். தோளில் கை போடுவது, ஊர்க்கதை பேசுவது எதுவும் கிடையாது. கொக்கு லாரி ஷெட் அணியின் கேப்டன்; வாரமெல்லாம் என்னை அண்ணே என்கிறவன் அன்றைக்கு சார் என்பான். நானும் அவனைக் கேப்டன் என்பேன். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொள்வோம்.

அன்று சீசனின் கடைசி ஆட்டம். பேக்கரிக்கும் லாரி ஷெட்டுக்கும். லாரி ஷெட் தோற்றால் கீழ் லீக்குக்குப் போய்விடும். முந்தின நாள் இரண்டு லோடு இறக்கியிருந்தேன். மூச்சு விட்டால் சிமெண்ட் வாசனை. ரெஃப்ரி அறை என்பது வலை, கொடிக்கம்பு, சுண்ணாம்பு வாளி எல்லாம் கிடக்கிற ஒரு ஸ்டோர் ரூம். லீக் செயலாளர், ஆட்டத்துக்கு முன் ரெஃப்ரி கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேஜையில் வைத்துவிட்டு, பந்துக்குக் காற்றடிக்கிற பம்பைத் தேடிப் போனார். மற்ற நாட்களில் அவரே விரலை வைத்து “இங்க போடுங்க” என்பார், நான் போடுவேன், உடனே எடுத்துக்கொள்வார். ஒன்பது வருஷமாக அப்படித்தான் போட்டேன். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே போன வருஷம், தொழிற்சங்கத்து மாலை வகுப்பில். கற்ற நாளிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிற வியாதி. மாத்திரை அட்டையைக்கூட விடுவதில்லை. அந்தத் தாளையும் படித்தேன்.

“இரு அணிகளைச் சேர்ந்த எவருடனும் எனக்கு உறவோ, கொடுக்கல் வாங்கலோ இல்லை என்று உறுதி கூறுகிறேன்.”

இரண்டு தடவை படித்தேன். செயலாளர் பம்போடு திரும்பி வந்தார்.

“என்ன, இன்னும் போடலையா? பேனா எழுதலையா?”

“எழுதுது” என்றேன். போட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆட்டத்துக்குக் கிடைக்கிற காசுக்காக இல்லை. ஆளை மாற்றினால் இன்னொரு ஞாயிறு என்னைக் கூப்பிடுவார்களா என்ற பயம்.

சோதனைக்குப் போனோம். கோட்டில் கொடி பிடிக்க வந்தவர் பஸ் கண்டக்டரம்மா. சில்லறை கேட்டுக் கேட்டே குரல் வெண்கலமாகிவிட்ட பெண்மணி. லாரி ஷெட் ஆட்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு, லாடம் அடிக்க நிற்கிற குதிரை மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்டினார்கள். நான் குனிந்து ஷூவின் அடிக்குமிழைத் தடவிப் பார்த்தேன். குனிந்தால் நிமிர்வது எனக்குப் பெரும்பாடு. பேக்கரி கேப்டன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நாற்பது வயதிருக்கும். எடை போடுகிறவர் பார்வை.

கொக்கு கையை நீட்டினான். விரலில் மோதிரம்.

“கேப்டன், இதக் கழட்டணும்.”

“வரமாட்டேங்குது சார். ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சு விரல் வீங்கிக் கெடக்கு.”

“சோப்பு போட்டுப் பாருங்க.”

அவன் விடிய விடிய வண்டி ஓட்டிவிட்டு நேராக வந்திருந்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். அலுப்பில் வாய் தவறிவிட்டது.

“அட விடுங்கண்ணே. இதையும் நம்ம கணக்குல எழுதிக்குங்க.”

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டான். பேக்கரி கேப்டனின் கட்டின கை அவிழ்ந்தது.

“என்ன கணக்கு?”

“மூட்டைக் கணக்குங்க. நான் ஏத்திட்டு வருவேன், இவர் இறக்குவார். தெனம் இருக்கிற குடோன் கணக்கு” என்றான் கொக்கு, சட்டென்று.

“ஓ, அதுவா” என்றார் பேக்கரி. தலையைக்கூட ஆட்டிவிட்டார்.

அதோடு முடிந்திருக்கும். அடுத்த ஆளின் காலைத் தூக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் கொக்கு என்னைப் பார்த்த பார்வை, ஒரு மூட்டையை என் தோளுக்கு மாற்றிவிட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி இருந்தது. இன்னும் அரை மணியில் இவன் கோல் எல்லையில் விழுவான், நான் ஊத வேண்டும் அல்லது ஊதக் கூடாது. எதைச் செய்தாலும் அதை எதற்காகச் செய்தேன் என்று எனக்கே தெரியாது.

“மூட்டைக் கணக்கு இல்ல. நான் இவருக்குக் கடன்காரன். நாலாயிரத்து முந்நூற்றைம்பது” என்றேன்.

கண்டக்டரம்மா கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்தார். “சரியாப் போச்சு” என்றார்.

செயலாளர் ஓடி வந்தார். “கையெழுத்துப் போட்டீங்களேய்யா!”

“போட்டேன்.”

“படிக்காமப் போட்டீங்களா?”

பழைய ஆளாக இருந்தால் ஆமாம் என்று தப்பித்திருக்கலாம். “படிச்சிட்டுத்தான் போட்டேன்.”

கொக்குக்கு வெறியே வந்துவிட்டது. “இப்ப என்ன, கடன் இருக்கக் கூடாது, அவ்வளவுதானே? தள்ளுபடி! எனக்கு ஒரு காசு வேணாம். எல்லாரும் சாட்சி. ஊதச் சொல்லுங்க.”

“நல்லா இருக்கே!” என்றார் பேக்கரி கேப்டன். “ஆட்டம் தொடங்க அரை மணி இருக்கறப்ப ரெஃப்ரிக்கு நாலாயிரம் விட்டுக்குடுத்தா அதுக்கு எங்க ஊர்ல வேற பேரு.”

“அப்ப நீங்க குடுங்க, இவர் எனக்குக் கட்டிடட்டும்.”

“குடுத்தா எனக்குக் கடன்காரர் ஆயிடுவாரே. பேசறத யோசிச்சுப் பேசுய்யா.”

“செயலாளர் குடுக்கட்டும்.”

“எங்கிட்ட ஏதுப்பா? பந்துக்குக் காத்தடிக்கவே பம்பு இரவல் வாங்கியிருக்கேன்.”

யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது, அதற்கும் தெம்பு இல்லை. கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கண்டக்டரம்மாவிடம் நீட்டினேன். ரெஃப்ரி பரீட்சை எழுதிச் சட்டையில் குத்துகிற வில்லை வாங்கியவர், ஆனால் நடுவில் நின்று ஒரு ஆட்டமும் நடத்தியதில்லை. எச்சில் என்றுகூடப் பார்க்காமல் சேலையில், இல்லை, அன்று போட்டிருந்த சட்டை முனையில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“கேப்டன், சோப்பு எங்க? மோதிரம் கழண்டாத்தான் டாஸ்” என்றார். கழன்றது.

நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒன்றுக்கு ஒன்று என்று இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், கடைசிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் கொக்கின் கையில் பந்து பட்டது. வேண்டுமென்று வைத்த கை இல்லை. நானாக இருந்தால் ஊதியிருக்க மாட்டேன். கண்டக்டரம்மா ஊதினார். பெனால்டி. லாரி ஷெட் இறங்கிப்போனது.

பொய்க் கையெழுத்துக்காக லீக் என்னை நீக்கியது. ஒரு வருஷம் என்று தாளில் இருந்தது, படித்துப் பார்த்தேன். ஒரு வருஷம் கழித்து இந்த முட்டி எங்கே ஓடப்போகிறது.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, “எழுத்துக் கத்துக்கிட்டா நீ பொழைக்கத் தெரிஞ்சுப்பேன்னு நெனச்சேன். நீ இருந்த ஒண்ணையும் எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கற” என்றாள். சரியாகச் சேராத கையாலேயே என் முதுகில் தைலம் தேய்த்தாள்.

திங்கட்கிழமை லாரி வந்தது. கொக்கு இறங்காமல் கதவில் முழங்கையை வைத்தபடி சொன்னான்.

“காசு வேணும்.”

“தரேன் தம்பி. கொஞ்சம் கொஞ்சமா...”

“தம்பி கிம்பி வேணாம். எல்லார் முன்னாடியும் தள்ளுபடின்னேன், அது செல்லாதுன்னுட்டாங்க. அப்ப கடன் கடன்தானே? ஞாயித்துக்கிழமை இருந்த நியாயம் திங்கக்கிழமையும் இருக்கணும்ல.”

அவன் சொன்னதில் தப்பு இல்லை.

பகல் வேலை முடிந்ததும் பக்கத்து இரும்புக் கடையில் இரண்டு மணி நேரம் கம்பி இறக்கினேன். ஞாயிறும் போனேன், அதுதான் காலியாகிவிட்டதே. வாரம் ஐந்நூறாக எட்டு வாரம். கொக்கு வாங்கும்போது எண்ணுவான், சட்டைப் பையில் போடுவான், முகத்தைப் பார்க்க மாட்டான். மூன்றாவது வாரம் எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும், “அடுத்த வாரம் சேர்த்துத் தாங்க” என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்பதாவது வாரம் மழை. லாரி சக்கரம் பாதி சேற்றில் நின்றது. மீதி முந்நூற்றைம்பதை நீட்டினேன். நனைந்து ஒட்டிக்கொண்ட நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினான். இரண்டாம் தடவையும் எண்ணினான்.

“தீர்ந்துது” என்றான்.

“தீர்ந்துது” என்றேன் நானும்.

பிறகு அவன் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டினான்.

“வலது மூலைல தார்ப்பாய் கிழிஞ்சு தண்ணி எறங்கிடுச்சு. அந்த மூட்டையெல்லாம் கனக்கும், பாத்துத் தூக்குங்க.”

கயிற்றை அவிழ்க்கப் போனேன்.