இரண்டாவது ஸ்கேன்

ஸ்கேன் அறைக்கு வெளியே நின்று இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் அவர் அவளைப் பார்த்தார். நான்கு வருடங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போன மனைவி, எதிர்ச்சுவர் ஓரமாக, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எப்போதோ அவரைப் பார்த்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு கையில் பெல்ட்டும் மறுகையில் நழுவப் பார்க்கும் கால்சட்டையுமாக அவர் அப்படியே நின்றார்.

"உட்காருங்க. விழுந்து வைக்கப்போறீங்க" என்றாள்.

இப்படி எதிரெதிரே சந்திக்க நேர்ந்ததில் யார் மீதும் தவறில்லை. வயது ஏற ஏற இதயம் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி அது. பத்து வருடங்களுக்கு முன் நோய்நொடி இல்லாத தம்பதிகளாகப் பார்த்துச் சேர்த்திருந்தார்கள். இப்போது அதே ஆட்களை மறுபடி அழைத்து எம்.ஆர்.ஐ. எடுத்து, அன்றைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிடுகிறார்கள். தம்பதி என்றால் இருவருக்கும் ஒரே நாள், ஒரே காலை. இடையில் அந்தத் தம்பதி என்ன ஆனார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன பெட்டிக்குள் அழுகிறவர்களிடம், கதவிடுக்கில் வாயை வைத்துப் பேசிப் பேசியே பாதி பயத்தைப் போக்கிவிடுவார். பழுதைச் சரிசெய்ய ஆயிரம் பேர் உண்டு, அந்தக் குரல் வேறு யாருக்கும் வராது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்த அன்று, அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போக ஆள் வந்து நிற்கும்போது போன் அடித்தது. யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், இதோ வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வந்தபோது அவள் மயக்கம் தெளிந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அதைப் பற்றி அவள் ஒருநாளும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். மகளைக் கட்டிக்கொடுத்தபின் ஒரு காலையில், அக்கா வீட்டில் போய் இருக்கப்போகிறேன் என்றாள். "எப்ப வருவ?" என்றார் பேப்பரை மடிக்காமல். "வரல" என்றாள். கோபம், தானே தணியும் என்று விட்டுவிட்டார். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். பிறகு போனை எடுத்து அவள் எண்ணைப் பார்ப்பதும் கீழே வைப்பதுமாகவே நாள் போய்விட்டது.

அவருடைய ஸ்கேன் முதலில் முடிந்தது. பெட்டிக்குள் படுத்துக்கிடப்பது அவருக்குப் பழகிய இடம் மாதிரிதான் இருந்தது. அவள் உள்ளே போய்ச் சிறிது நேரத்தில், ஸ்கேன் எடுப்பவர் வெளியே வந்தார்.

"ஐயா, அம்மா ஒவ்வொரு தடவையும் உள்ள போனதுமே கையில குடுத்த பெல்லை அமுக்கிடுறாங்க. போன தடவை தைரியமாத்தான் இருந்தாங்களாம். கூட யாராவது நின்னா முடிச்சிடலாம். வர்றீங்களா?"

"அவ கேட்டாளா?"

"இல்லைங்க. நான்தான் கேக்குறேன்."

காதடைப்பான்களைத் திணித்துக்கொண்டு போய் நின்றார். அவள் மார்பு வரை அந்தக் குழாய்க்குள் போயிருந்தாள். வெளியே தெரிந்தது வயிறும், போர்வைக்கு வெளியே நீட்டிய பாதங்களும். அவர் வலது பாதத்தைப் பிடித்தார். அது ஒருமுறை விறைத்தது. உதறிவிடுவாள் என்று நினைத்தார். உதறவில்லை. குதிகாலுக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு விரலில் தட்டுப்பட்டது. அவர் அறிந்த காலில் அது இல்லை. எங்கே விழுந்தாள், யார் தூக்கினார்கள், எதுவும் அவருக்குத் தெரியாது.

இயந்திரம் தொடங்கியது. தகரக் கூரையில் கல்லைக் கொட்டுவதுபோல் சத்தம். மூச்சை விட்டு அப்படியே நிறுத்தச் சொல்லி அவள் காதில் கேட்டிருக்க வேண்டும். போர்வையின் ஏற்ற இறக்கம் நின்றது. அவரும் நிறுத்திப் பார்த்தார். அவளுக்கு முன்பே அவருக்கு மூச்சு முட்டியது.

அடுத்த சத்தம் எழுந்தபோது அவர் வாயைத் திறந்தார். முதலில் பழகிய வார்த்தைகள்தான் வந்தன. "பயப்படாத, நான் இங்கதான் நிக்கிறேன்." அதன் பின்னால் மற்றவை வந்தன. "அன்னைக்கு நான் போயிருக்கக் கூடாது. வேற ஆள் இருந்தான். அவனை அனுப்பியிருக்கலாம். நீ அங்க படுத்திருக்கிறதைப் பாக்க எனக்குத்தான் பயமா இருந்துச்சு. போன் வந்ததும் தப்பிச்சோம்னு ஓடிட்டேன்." தன் குரல் தனக்கே கேட்கவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது. சத்தம் சட்டென்று நின்றபோது பாதிச் சொல்லோடு வாயை மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துத் திரையைத் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு முஷ்டி இறுகி இறுகித் திறந்தது. பக்கத்திலேயே பழையது. அதை எடுத்த அன்று காலையில் இருவரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி வந்திருந்தார்கள்.

"பயப்பட ஒண்ணுமில்ல. ரெண்டு பேருக்குமே வயசுக்கு ஏத்த இதயம்தான். ரத்தத்தைப் பிழிஞ்சு வெளிய தள்ளுறதுல குறையே இல்ல. தள்ளி முடிச்சதும் தளர்ந்து விரியணும் பாருங்க, அதுக்குத்தான் இப்ப நேரம் எடுத்துக்குது. சுவர் கொஞ்சம் விறைச்சிடுச்சு. ரத்தம் மெதுவாத்தான் வந்து நிறையும். வேகமா நடந்தா மூச்சு வாங்கும்."

"பழையபடி ஆகாதா?" என்று கேட்டார் அவர்.

"தினம் நடங்க. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். ஐயாவுக்குத்தான் விரியறது கொஞ்சம் அதிகமாவே மெதுவாகியிருக்கு."

"அது கல்யாணத்தன்னைக்கே அப்படித்தான் டாக்டர்" என்றாள் மனைவி.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். எல்லா வீட்டிலும் உள்ள கேலி என்று நினைத்திருப்பார். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

வெளியே நடைபாதையில் யாரும் இல்லை. அவள் நின்றாள்.

"உள்ள ஏதாவது பேசினீங்களா?"

"எப்ப?"

"நான் படுத்திருந்தப்ப. காதுல ஒண்ணும் விழல. ஆனா உங்க கை ஆடிக்கிட்டே இருந்துச்சு. சும்மா நிக்கிறவங்க கை அப்படி ஆடாது."

கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். எங்கும் போக அவசரம் இல்லாதவளைப் போலக் காத்திருந்தாள். அந்த இடம் அவ்வளவு நிசப்தமாக இருந்தது. இங்கே முணுமுணுத்தாலும் முழுசாகக் கேட்டுவிடும்.

"ஒண்ணுமில்ல. பயப்படாதன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கால் சில்லுனு கிடந்துச்சு. பிடிச்சது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு, "வர்றேன்" என்று சொல்லி நடந்தாள். நான்கு வருடங்களுக்கு முன் அதைக்கூடச் சொல்லவில்லை.

பேருந்து நிறுத்தத்துக்குச் சாலை மேடாக ஏறியது. கூப்பிட வேண்டும் என்று தோன்றியதும் அவரும் பின்னால் வேகமாக நடந்தார், அவள் பெயர் வாயில் இருந்தது, ஆனால் மூச்சு வரவில்லை. மேட்டின் பாதியில் அவளும் நின்றுவிட்டாள். சுற்றுச்சுவரில் ஒரு கையை ஊன்றி, தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு கார் நீளம் கீழே அவரும் முழங்கால்களில் கைவைத்து நின்றார். அவளுடைய முதுகு ஏறி இறங்கியது. மேலே ஒரு பேருந்து வந்து நின்று, கதவைத் திறந்து, கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போயிற்று. அவள் அதை நிமிர்ந்து பார்த்தாள். திரும்பவில்லை, மேலே ஏறவும் இல்லை. சுவரில் ஊன்றிய கை மட்டும் வெயிலில் அப்படியே இருந்தது.