டிக்கெட் இல்லாத இடங்கள்

“இதுக்கும் டிக்கெட் கிடையாதா அத்தை?” என்று பனிமய மாதா கோயில் வாசலில் நின்று ஜெனிபா கேட்டாள். திருப்பூரில் வளர்கிற பிள்ளை. அங்கே ஊஞ்சல் ஆடுவதற்கும் சீட்டு வாங்கித்தான் பழக்கம்.

“மாதாவைப் பாக்க எவன்ளா டிக்கெட் போடுவான்?” என்று அவள் தலையில் செல்லமாகத் தட்டினாள் ரீனா.

ரீனாவின் கணவன் ஜெஸ்டின் வேலை பார்க்கிற கப்பல் முந்தின நாளே வந்து துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. உள்ளே வராதாம். எண்ணெயும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு அப்படியே போய்விடுமாம். ஆனால் ஜெஸ்டினை இங்கே இறக்கிவிடுவதாக ஏஜென்ட் சொல்லியிருந்தார். அவனுக்குப் பதிலாக ஏற வேண்டிய ஆளை லாஞ்ச் படகில் கொண்டுபோய் விட்டு, அதே லாஞ்சில் இவனைக் கரைக்குக் கூட்டி வருவதாக ஏற்பாடு. ஒன்பது மாத ஒப்பந்தம் இழுத்து இழுத்து ஒரு வருடத்தையும் தாண்டிவிட்டது. அவன் கப்பலேறும்போது வயிற்றில் இருந்த ஜெரினா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தகப்பன் கை அவள் மேல் இன்னும் படவில்லை.

தம்பியை வரவேற்க ஜெஸ்டினின் அக்கா அல்போன்சா மைனி மகள் ஜெனிபாவோடு திருப்பூரிலிருந்து வந்து இறங்கிவிட்டாள். லாஞ்ச் எந்நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் உட்கார்ந்தால் மைனி சும்மா இருக்கிற ஆளா? அடுப்படியைக் குடைவாள், அரிசிப் பானைக்குள்ளேயும் கையை விட்டுப் பார்ப்பாள். கம்பெனிக்காரன் சம்பளம் போடாமல் இழுத்தடிக்கிற சங்கதி வெளியே வந்துவிடும். அதனால்தான் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஜெரினாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரீனா எல்லோரையும் கிளப்பினாள். காசு கேட்காத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கூட்டிப் போனாள். நல்லவேளை, இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை.

கோயிலுக்குள் ரீனா வீட்டிலிருந்து கொண்டுவந்த மெழுகுதிரி இரண்டை ஏற்றினாள்.

“ஏளா, எதுக்கு ரெண்டு?” என்றாள் மைனி.

“ஒண்ணு கேட்டதுக்கு, ஒண்ணு குடுத்ததுக்கு. அதான் வந்துட்டாங்கள்லா.”

மைனியின் முகம் சுண்டிப்போனது. “நம்ம வீட்டுல ஆளு கரையில கால் வச்ச பொறவுதான் நன்றித் திரி ஏத்துவோம். அதையும் அவன் கையாலதான் ஏத்தணும். எங்கம்மை ஒருநாளும் முந்துனது கெடையாது.”

“கண்ணுக்குத் தெரியுத தூரத்துல நிக்காங்க மைனி. இனி எங்க போயிரப் போறாங்க?” என்று ரீனா சிரித்தாள். என்ன தைரியத்தில் சிரித்தாளோ, மகராசி!

அடுத்தது மீன்பிடித் துறைமுகம். ஏலம் போடுகிறவர்களின் தொண்டை கிழிகிற சத்தத்தை ஜெனிபா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். “பஸ்ஸ்டாண்டுல முத்துநகர்னு போட்டிருக்கே, முத்து எங்க அத்தை?” என்றாள். “இப்ப யாரும் முத்துக் குளிக்கிறதில்லளா” என்றாள் ரீனா. “பின்ன எதுக்குப் பேரு?” என்று பிள்ளை விடாமல் கேட்டது. மைனிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மத்தியான வெயிலுக்கு ரோச் பூங்காவில் மரத்தடியாகப் பார்த்து உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். அப்போதுதான் போன் அடித்தது. ஜெஸ்டின். ரீனா எழுந்து சற்றுத் தள்ளிப் போனாள்.

“ரீனா, எனக்குப் பதிலா ஏற வேண்டியவன் வரல. மெடிக்கல்ல தள்ளிட்டாங்களாம். ஆள் இல்லாம இறக்க முடியாதுன்னு கேப்டன் சொல்லுதாரு.”

“பிள்ளையை இன்னும் பாக்கலன்னு சொல்லுங்க.”

“சொன்னேன். அவரும் அவரு பிள்ளையப் பாக்கலயாம்.”

காற்றில் அவன் குரல் விட்டு விட்டுக் கேட்டது. “டர்பனுக்குப் போறோம். சாயங்காலம் நங்கூரம் எடுக்கணும். நங்கூரத்துக்கிட்ட எனக்குத்தான் டூட்டி.”

“நீங்களேவா எடுக்கணும்?”

சிக்னல் போய்விட்டிருந்தது.

அவள் மரத்தடிக்குத் திரும்பி வந்தாள். திரி ஏற்றின கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. மெடிக்கலில் எவனையோ தள்ளினதற்கும் மெழுகுதிரிக்கும் என்ன சம்பந்தம் என்று புத்தி சொல்லத்தான் செய்தது. கேட்கிற நிலையில் அவள் இல்லை. நானே முந்திப்போய் என் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இதை மைனியிடம் எந்த வாயால் சொல்வது? வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாளே.

“என்னளா சொல்லுதான்?”

“லாஞ்ச் லேட்டாவுமாம் மைனி.”

“அப்பம் கடக்கரையில போயி இருப்போம். அங்கன நின்னா அவன் வாரது தெரியும்லா.”

வேண்டாம் என்று சொல்ல ஒரு சாக்கும் அகப்படவில்லை. கடற்கரைக்கும் டிக்கெட் இல்லையே.

வெயில் தாழ்ந்தபோது கரையிலிருந்து கச்சான் காற்று மணலை வாரிக் கடல் பக்கம் அடித்தது. தூரத்தில் நின்ற கப்பல்களில் நீலக் கப்பல்தான் ஜெஸ்டினுடையது. காற்றுக்கு முகம் கொடுத்துக் கரையைப் பார்த்தபடி நின்றது. ரீனா இருபது தரம் வாயைத் திறந்து மூடினாள். நீலக் கப்பலின் புகைபோக்கியில் கறுப்பாகப் புகை கிளம்பியது. கப்பல் மெல்ல முன்னால் வந்தது.

“அம்மா, கப்பலே வருது! மாமா கப்பலோட வாராங்க!” என்று ஜெனிபா குதித்தாள்.

நங்கூரத்தை இழுக்கும்போது கப்பல் அதை நோக்கிக் கொஞ்சம் முன்னால் வரும் என்று ஜெஸ்டின் எப்போதோ சொல்லியிருக்கிறான். ரீனாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் அவள் பாழும் மனசு ஒரு நிமிஷம், வந்துவிடேன், வந்துவிடேன் என்று கெஞ்சியது.

மைனி ஜெரினாவை ரீனாவின் இடுப்பிலிருந்து பறித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால் வரை சேலை நனைந்தது. “ஏலே ஜெஸ்டினு! இங்கன பாருலே! ஒம் பிள்ளையப் பாரு!”

கப்பல் திரும்பத் தொடங்கியது. முதலில் அதன் நீள உடம்பு முழுதும் தெரிந்தது. பிறகு அது குறுகிக் குறுகி, பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

“மைனி...” என்று ரீனா கூப்பிட்டாள்.

“அவனுக்குத் தெரியல போலுக்குளா” என்று சொல்லிவிட்டு, மைனி எட்டிக் கால்விரல்களில் நின்று, பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.